பேரன் தலையில் நுழையாத ஸ்வெட்டர்

குன்னூர்க் குளிருக்கு என்று பேரனுக்குப் பின்னிய ஸ்வெட்டர் உடம்புக்குக் கச்சிதம். கழுத்துதான் தலையில் இறங்கவில்லை. அது காதில் மாட்டிக்கொள்ள, பிள்ளை வீறிட்டான். "பிரிச்சுப் போட்டுடும்மா" என்றாள் மகள். இவ்வளவு பின்னியதைப் பிரிக்க யாருக்கு மனசு வரும்?

கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்தேன். ஒரு நேர்க் கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), ஒரு புரட்டுக் கண்ணி என்று மாற்றி மாற்றிப் பின்னிய பட்டி நன்றாகவே விரிந்தது. விரியாதது மேலே கண்ணிகளை மூடிய கடைசி வரிசை மட்டும். குழந்தைகளுக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிசு, அந்த வரிசை இழுபடாவிட்டால் மற்றது எப்படி இருந்தும் பயனில்லை.

நூல் முனையைத் தேடி எடுத்து, அந்த ஒரு வரிசையை மட்டும் பிரித்தேன். கண்ணி நழுவாமலிருக்க மெல்லிய ஊசியில் கோத்துக்கொண்டேன். அப்புறம் 4 மி.மீ. ஊசிக்குப் பதில் வலது கையில் 5.5 மி.மீ. ஊசி. இரண்டு கண்ணிகளைப் பின்பக்கமாகச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, வந்த கண்ணியை இடது ஊசிக்கே திருப்பிப் போட வேண்டும். மறுபடி அதையும் அடுத்ததையும் சேர்த்துப் பின்ன வேண்டும். கடைசிவரை இப்படியே. நூலை இறுக்கக் கூடாது.

இப்போது சட்டென்று இறங்குகிறது, கழட்டினால் பட்டி தானே சுருங்கிக்கொள்கிறது. ஓரம் கொஞ்சம் அலையலையாக இருக்கும். அக்ரிலிக் நூல் என்றால் அதற்காக இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் தொய்ந்துவிடும். தோழிக்குப் பின்னும் காலுறையின் மேல்வாயையும் இதே மாதிரிதான் மூடப்போகிறேன்.