எரியோன் வெலியாயைப் பற்றி எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

2025 பிப்ரவரி 10 அன்று திரானா மேயர் எரியோன் வெலியாய் கைதானதிலிருந்து, வெளிநாட்டு அரசியல் எழுத வரும் புதியவர்களுக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. ஏன் என்று புரிகிறது. தெருவில் இறங்கிப் போராடிய இளைஞர், பிறகு அல்பேனியத் தலைநகரின் மேயர், பிறகு ஊழல் வழக்கில் சிறை. உட்கார்ந்தால் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று எனக்கு வரும் வரைவுகளில் சறுக்கல் எல்லாம் ஒரே மாதிரி இடங்களில் இருக்கிறது, எங்கள் தலைமுறை எழுத வந்தபோது சறுக்கிய அதே இடங்களில். பெயரைத் தப்பாக எழுதுவது, அல்பேனியாவையும் கொசோவோவையும் குழப்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் மெய்ப்புப் பார்ப்பவரே திருத்திவிடுவார்.

2003-லிருந்து 2015-க்குத் தாவுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன்.

வரைவின் முதல் பத்தியில் 2003. வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர், நண்பர்களோடு சேர்ந்து 'மியாஃப்ட்' இயக்கத்தைத் தொடங்குகிறார். 'போதும்' என்று அர்த்தம், சின்னம் ஒரு சிவப்புக் கை. அடுத்த வருடமே ஐ.நா.வின் விருது. எல்லாம் சரி. இரண்டாவது பத்தியைத் திறந்தால் 2015, மேயர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் பன்னிரண்டு வருடத்தைக் காணோம். படிப்பவர் என்ன நினைப்பார்? போராட்டத்தைப் பார்த்து மனம் நெகிழ்ந்த திரானா மக்கள் அவரை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு போய் நகராட்சியில் இறக்கிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

நடந்தது வேறு. மியாஃப்ட் தொடங்கியபோது ஆட்சியில் இருந்தது ஃபாதோஸ் நானோவின் சோஷலிஸ்டுக் கட்சி. இயக்கத்தின் கேலியும் ஆர்ப்பாட்டமும் முதலில் அந்த அரசின் மேல்தான் பாய்ந்தன. 2005 தேர்தலில் நானோ தோற்று சாலி பெரிஷா பிரதமரானார். சோஷலிஸ்டுக் கட்சியின் தலைமை அப்போது திரானா மேயராக இருந்த எடி ராமாவின் கைக்குப் போனது. மியாஃப்டின் சண்டையும் பெரிஷா அரசுக்கு எதிராகத் திரும்பியது. 2008-இல் வெலியாய் இயக்கத்தை விட்டு வந்து 'ஜி99' என்று ஒரு கட்சி ஆரம்பிக்கிறார். 2009 நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கட்சி எந்தப் பக்கம் நின்றது தெரியுமா? சோஷலிஸ்டுகள் தலைமையிலான கூட்டணியில். கிடைத்த ஓட்டு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஒரு இடமும் இல்லை.

இந்தத் தோல்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த முகம், ஐந்தாறு வருடமாகத் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தவர், வாக்குப் பெட்டியைத் திறந்தால் ஒன்றுமில்லை. கைதட்டியவர்கள் ஓட்டுப் போடவில்லை. அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்தத் தோல்வியிலிருந்து வந்தவை என்பது என் கணிப்பு. தனிக் கடை போட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் பெரிய கட்சிக்குள் போனார். 2013-இல் சோஷலிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் ராமா பிரதமர், வெலியாய் சமூக நலன், இளைஞர் துறை அமைச்சர். இரண்டு வருடம் கழித்து அதே கட்சியின் வேட்பாளராக, மகப்பேறு மருத்துவரான ஹலிம் கொசோவாவைத் தோற்கடித்து மேயரானார். அதாவது அவரை மேயராக்கியது சிவப்புக் கை இல்லை, கட்சி இயந்திரம். அதில் கேவலம் ஒன்றும் கிடையாது, உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அதை எழுதாவிட்டால் பிறகு வரும் எதுவுமே விளங்காது. நகராட்சி ஏன் பிரதமரின் பேச்சை மீறவில்லை, பழைய தோழர்கள் சிலர் ஏன் அவரோடு வந்து பதவிகளில் அமர்ந்தார்கள், சிலர் ஏன் எதிர்ப்பக்கம் நின்றார்கள், எல்லாவற்றுக்கும் விடை அந்தப் பன்னிரண்டு வருடத்தில் இருக்கிறது.

இதில் எரிச்சல் எங்கே என்றால், பெயர் வேண்டாம், ஒரு இதழுக்கு இவரைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த கட்டுரையில் பக்கத்தில் இடம் பற்றவில்லை என்று ஆசிரியர் ஒரு பத்தியை வெட்டினார். எந்தப் பத்தி? 2009 பத்திதான். சிவப்புக் கைப் படம் அரைப் பக்கத்துக்கு இருந்தது, அதைச் சுருக்கியிருக்கலாம். வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வி: "இவர் எப்படி மேயரானார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?" அதற்குப் பதில் எழுதவே இன்னொரு கட்டுரை ஆயிற்று, அதையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் முதல் கட்டுரையின் வடிவம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது எனக்கு வரும் வரைவுகளில் சில அந்த வெட்டுப்பட்ட கட்டுரையையே அடியொற்றி எழுதியவை. ஆகவே வெட்டித்தான் ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் வேறு எதையாவது கொடுங்கள், சைக்கிள் பாதையைக் கொடுங்கள், பூங்காவைக் கொடுங்கள், 2009-ஐக் கொடுக்காதீர்கள்.

வண்ணக் கட்டடங்களை இவர் கணக்கில் எழுதுவது

பழைய கம்யூனிச காலத்துச் சாம்பல் நிற அடுக்குமாடிகளுக்கு ஆரஞ்சும் மஞ்சளும் பூசியவர் எடி ராமா. அவர் ஓவியர், 2000 முதல் 2011 வரை மேயர். படம் நன்றாக இருக்கிறதே என்று வெலியாய் கட்டுரையில் ஒட்டிவிடுகிறார்கள்.

திரானாவின் மையத்தில் இருக்கும் ஸ்கண்டர்பெக் சதுக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2017-இல் வாகனங்களை அகற்றி, நடப்பவர்களுக்கான பெரிய கல் முற்றமாகத் திறந்து வைத்தவர் வெலியாய். அடுத்த வருடம் ஐரோப்பியப் பொது இட விருதும் வந்தது. ஆனால் பெல்ஜிய நிறுவனமான 51என்4இ-யின் வடிவமைப்பு ராமா மேயராக இருந்த காலத்தது. வேலையை ஆரம்பித்ததும் ராமாதான். 2011 மேயர் தேர்தலில் ராமா நூறுக்கும் குறைவான ஓட்டில் லுல்சிம் பாஷாவிடம் தோற்றார், பாஷா வந்து அந்த வேலையை நிறுத்தினார். நான்கு வருடம் கழித்து வெலியாய் வந்து திரும்ப எடுத்தார். மூன்று மேயர்களின் கதை அது. ஒருவர் பெயரில் எழுதுவது சுலபம் என்பதற்காக எழுதாதீர்கள்.

திரானாவின் அளவை மறந்துவிடுவது

2015-க்கு முன்னால் அல்பேனியாவில் நகராட்சிகளும் கிராமக் கம்யூன்களும் சேர்த்து 373 உள்ளாட்சி அமைப்புகள். அந்த வருடத் தேர்தலிலிருந்து அவை 61 ஆயின. ராமாவும் பாஷாவும் ஆண்ட திரானா நாற்பது சதுர கிலோமீட்டர் சொச்சம், வெலியாயிடம் வந்தது 1,100-க்கும் மேல். மலைக் கிராமங்கள், வயல், கழிவுக் கிடங்கு எல்லாம் உள்ளே. முந்தைய மேயர்களோடு மரக் கணக்கும் சாலைக் கணக்கும் ஒப்பிட்டு, "பல மடங்கு சாதனை" என்று பெருமூச்சு விடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். நகரத்தைச் சுற்றி இருபது லட்சம் மரம் என்ற திட்டமெல்லாம் இந்தப் பரப்பை வைத்துப் போட்டது.

2019-ஐ "அமோக வெற்றி" என்பது

வெலியாய் இரண்டாவது முறை மேயரானது எதிர்க்கட்சிகள் புறக்கணித்த உள்ளாட்சித் தேர்தலில். நாடு முழுவதும் வாக்குப்பதிவு சுமார் 23 சதவீதம். அவ்வளவுதான்.

நாடக அரங்கை "திருப்புமுனை" ஆக்குவது

2020 மே 17, விடிவதற்கு முன், கொரோனாக் கட்டுப்பாடுகள் இருந்த நேரம். தேசிய நாடக அரங்கை இடித்தார்கள். இத்தாலியர்கள் 1930-களின் கடைசியில் கட்டியது. கலைஞர்களும் ஆர்வலர்களும் இரண்டு வருடத்துக்கும் மேலாக அதைக் காக்கப் போராடி, கட்டடத்துக்குள்ளேயே காவல் இருந்தார்கள். போலீஸ் உள்ளே இருந்தவர்களை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு இயந்திரத்தை விட்டது. முன்னாள் போராளி மேயராக இருக்கும்போது போராளிகளை வெளியே இழுக்கிறார்கள் என்றால் எழுதுகிறவன் கை துறுதுறுக்கத்தான் செய்யும். எனக்கும் புரிகிறது.

ஆனால் "இந்த நாளில்தான் அவர் மாறினார்" என்று எழுதினால் தப்பு. மேயராகி ஒரு வருடம் முடிவதற்குள்ளேயே, 2016-இன் தொடக்கத்தில், ஏரிக்கரைப் பெரிய பூங்காவுக்குள் விளையாட்டுத் திடல் கட்டுவதை எதிர்த்து ஆர்வலர்கள் வேலிக்கு முன்னால் நின்றார்கள். அதே வருட ஆகஸ்டில் ஷர்ரா கழிவுக் கிடங்கில் வேலை பார்த்த 17 வயதுப் பையன் இறந்தபோதும் ஆர்ப்பாட்டக்காரர்கள் அவரைத்தான் கேள்வி கேட்டார்கள். பழைய தோழமைகள் முறிந்தது ஒரு விடியற்காலையில் நடந்ததல்ல. இன்னொன்று, அரங்க விஷயத்தில் நகராட்சி தனியாகச் செயல்படவும் இல்லை. நிலத்தை நகராட்சிக்கு மாற்றிக் கொடுத்தது ராமாவின் அரசு. அந்த முடிவும் இடிப்பு முடிவும் செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2021-இல் சொன்னது. கட்டடம் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு! இதை விட்டுவிட்டு உணர்ச்சியாக முடிக்கும் வரைவுகளைத் திருப்பி அனுப்புகிறேன்.

வழக்கைத் தீர்ப்பாக எழுதுவது, அல்லது பழிவாங்கலாக எழுதுவது

இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். ஊழல், கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கியது, சொத்தை மறைத்தது என்பவை குற்றச்சாட்டுகள், அவருடைய மனைவி மேலும் வழக்கு இருக்கிறது. அவர் எல்லாவற்றையும் மறுக்கிறார். "ஊழல் செய்த மேயர்" என்று தலைப்பு வைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

சரி, அப்படியானால் அரசியல் பழி என்று எழுதலாமா? ஆளுங்கட்சி விசாரணை அமைப்பை ஏவி எதிர்க்கட்சிக்காரரைப் பிடிக்கும் கதை நமக்கு ரொம்பப் பழக்கம், அதனால் பேனா தானாக அந்தப் பக்கம் போகும். இங்கே அது பொருந்தாது. வெலியாய் ஆளுங்கட்சி ஆள். வழக்குப் போட்ட ஸ்பாக் என்பது 2016 நீதித்துறைச் சீர்திருத்தத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் முட்டுக்கொடுத்து உருவான ஊழல் ஒழிப்புச் சிறப்பு வழக்கறிஞர் அமைப்பு. அதே ஸ்பாக்தான் எதிர்க்கட்சியின் பெரிஷாவையும் முன்னாள் அதிபர் இலிர் மேத்தாவையும் விட்டுவைக்கவில்லை. 2023 கடைசியில் திரானா நகராட்சி அதிகாரிகள் சிலரை ஒப்பந்த மோசடி வழக்கில் பிடித்ததும் அதுதான். வெலியாயின் கைது திடீரென்று வானத்திலிருந்து குதித்ததுபோல எழுதுகிறவர்கள் அந்த வழக்கைப் பார்ப்பதே இல்லை. ஸ்பாக்கின் மேல் விமர்சனங்கள் உண்டு, தீர்ப்பு வருவதற்கு முன்பே மாதக்கணக்கில் சிறையில் வைப்பது சரியா என்ற கேள்வி முக்கியமானது. அதை எழுதுங்கள், ஆனால் அந்த ஊர்ச் சட்டத்தை வைத்து எழுதுங்கள்.

"முன்னாள் மேயர்" என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது

2025 செப்டம்பரில், அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருக்கும் நகர மன்றம், மூன்று மாதத்துக்கு மேல் பணிக்கு வரவில்லை என்று அவரை நீக்கச் சொல்லி வாக்களித்தது. சிறையில் இருப்பவர் எப்படி வருவார் என்று வழக்காயிற்று, நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கத்தை ரத்து செய்தது. ஆகவே சிறையில் இருந்தபடியே மேயராகத் தொடர்ந்தார். நீங்கள் வெளியிடும் நாளன்று என்ன நிலைமை என்று பார்த்துவிட்டு அடைமொழி போடுங்கள்.