கடல் மூடும் சாலையில் தீவுக்குப் போய்வருவது எப்படி

கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு தட்டையான தீவு, நடுவில் ஒரு தரைப்பாலம். கடல் வற்றினால் அது ரோடு, ஏறினால் கடல். இங்கிலாந்தில் லிண்டிஸ்ஃபார்ன், பிரான்ஸில் நுவார்முத்தியே என்று இப்படிப்பட்ட தீவுகள் பல உண்டு. போகிறவர்கள் கிளம்பும் நேரத்தைக் கவனமாகப் பார்ப்பார்கள், திரும்பும் நேரத்தைக் கோட்டை விடுவார்கள். நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: திரும்பும் நேரத்தை முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

சாலையைக் கடக்கப் பாதுகாப்பான நேரம் என்று ஊர் நிர்வாகம் போட்டிருந்தால் அதுதான் சட்டம், அதற்கு மேல் உங்கள் கணக்கு வேண்டாம். ஆனாலும் அந்த நேரம் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் அது ஏன் தினமும் மாறுகிறது என்பது புரியும், அதனால் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடலாம்.

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் ஒரே சீராக ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, அப்புறம் 2, கடைசியில் 1. மாலுமிகளின் பழைய தோராயக் கணக்கு இது.

உதாரணத்துக்கு, மதியம் 1 மணிக்குக் கடல் முழுக்க வற்றுகிறது, மொத்த ஏற்றம் 4.8 மீட்டர் என்று வையுங்கள். ஒரு பங்கு 0.4 மீட்டர். 2 மணிக்கு 0.4 மீட்டர் ஏறியிருக்கும், 3 மணிக்கு 1.2, 4 மணிக்கு 2.4. சாலையின் மிகத் தாழ்வான இடம் வற்று மட்டத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், வற்றுவதும் இதே கணக்கில்தான் என்பதால், 11 மணிக்குத் திறந்து 3 மணிக்கு மூடும். நான்கு மணி நேரம் தாராளம் என்று தோன்றும். ஆனால் மூடிய அடுத்த ஒரே மணி நேரத்தில் அந்த இடத்தில் 1.2 மீட்டர் தண்ணீர் நிற்கும், அதாவது இடுப்புக்கு மேல். பத்து நிமிடம் தாமதமானால் என்ன என்கிறவர்கள் இதை இன்னொரு தடவை படிக்கவும்.

இதே சாலைக்கு ஒரு வாரம் கழித்து வந்தால் கதையே வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறும், அதே அளவு அதிகம் வற்றும். அரைநிலா நாட்களில் இரண்டுமே குறைவு. அப்போது மொத்த ஏற்றம் 2.4 மீட்டர்தான் என்றால், வற்றும்போதுகூட தண்ணீர் போன வார வற்று மட்டத்துக்கு 1.2 மீட்டர் மேலேயே நின்றுவிடும், நம் சாலை லேசாகத் தலைகாட்டினால் அதிகம். போன வாரம் போனேனே என்பதெல்லாம் இங்கே செல்லாது.

அட்டவணை எந்த நேரத்தில் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் நாடுகளில் சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும். நான் இதைக் கவனிக்காமல் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், சாலை இருக்கவேண்டிய இடத்தில் அலை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அது வெறும் அசட்டுத்தனம். ஏற்கெனவே திருத்திய அட்டவணையில் நீங்களாக இன்னொரு மணியைக் கூட்டினால்தான் ஆபத்து, 3 மணிக்கு மூடுவதை 4 என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

வானிலையும் அட்டவணையில் இருக்காது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். 30 மில்லிபார் குறைந்த நாளில் நம் உதாரணத்தில் இரண்டு பக்கமும் 20 நிமிடம் போல போய்விடும். கரையை நோக்கிப் பலமாகக் காற்றடித்தால் இன்னும் மோசம். கிளம்பவே வேண்டாம்.

சரி, நடந்து போகிறவர்களுக்கு. தண்ணீர் எதிரிலிருந்து சுவர் மாதிரி வராது. சேற்று வெளியில் கண்ணுக்குத் தெரியாத ஓடைகள் இருக்கும், முதலில் அவைதான் நிரம்பும், பெரும்பாலும் உங்கள் முதுகுக்குப் பின்னால். காலடியில் மணல் காய்ந்திருக்கும், கரைக்குப் போகும் வழியோ துண்டாகியிருக்கும். அதனால் வழி தெரிந்த ஒருவர் இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். காலை இறுக்கிப் பிடிக்கும் பழைய ஷூ போடுங்கள், ரப்பர் பூட்ஸை சேறு உருவிக்கொள்ளும். கால் புதைந்தால் நேராக மேலே இழுக்காமல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, காலை மெல்ல ஆட்டி ஆட்டி எடுங்கள்.

காரில் போனால் ஒரே விதி: சாலையில் தண்ணீர் ஓடினால் காரை அதில் இறக்காதீர்கள். ஒரு அடி தண்ணீரே சிறிய காரை மிதக்க வைத்துவிடும். லிண்டிஸ்ஃபார்ன் சாலையில் கால்கள் மேல் ஒரு மரக்கூண்டு நிற்கிறது, மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உட்காரத்தான். அதில் ஏறி உட்கார்ந்து, உங்கள் கார் மூழ்குவதைப் பார்க்கலாம்.

தீவில் தங்குவதானால் வீட்டுக்காரரிடம் புயல் நாளில் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில் ஹாலிக் எனப்படும் பத்துத் தீவுகளில் வீடுகள் மண்மேட்டின் மேல் இருக்கும். பெரும் புயலில் தீவு முழுக்க மூழ்கி மேடுகள் மட்டும் தனித்தனியாக நிற்கும். ஓலாண்ட், லாங்கனெஸ் இரண்டுக்கும் கரையிலிருந்து அகலம் குறைந்த தண்டவாளம் உண்டு, அங்குள்ளவர்கள் தங்கள் சொந்தக் குட்டி வண்டியிலேயே போய்வருகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மருந்து மாத்திரையை ஒரு நாள் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் தவறிவிட்டதா? தீவிலேயே இருந்துவிடுங்கள். நம் உதாரணத்தில் அடுத்த வற்று இரவு 1:25க்கு. தெரியாத சாலையை இருட்டில் கடக்க வேண்டாம். மறுநாள் மதியம் 1:50க்கு மறுபடி வற்றும், முந்தைய நாளைவிட 50 நிமிடம் பிந்தி. சாலை திறப்பதும் மூடுவதும் அதே அளவு தள்ளிப்போகும், பஸ் டிக்கெட்டை அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.