உப்பு நீருக்குக் காற்றூட்டத் தொட்டியைப் பழக்குவது எப்படி?

தோல் பதனிடும் ஆலைக்குப் பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிடப்பட்டே வருகிறது. அதை முதலில் ஊறவைக்கும் நீரில் அந்த உப்பின் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் அந்நீரைத் தனியே பிரித்து ஆவியாக்கல் பாத்திகளுக்கு அனுப்புவது இதனால்தான். நான் பொறுப்பிலிருந்த ஒரு நிலையத்தில் வால்வு சரியாக மூடப்படாமல், ஒரே இரவில் அந்நீர், காற்றைச் செலுத்திப் பாக்டீரியாவைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் காற்றூட்டத் தொட்டிக்குள் புகுந்தது. மறுநாள் வெளியேறிய நீர் பால்போல் கலங்கியிருந்தது. அதன்பின், தொட்டியில் கைவைக்கும் முன் ஜாடியில் செய்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பாக்டீரியா நிறைந்த தொட்டிக் கசடு நீரை மூன்று ஜாடிகளில் இரண்டிரண்டு லிட்டர் ஊற்றி, மீன்தொட்டிக் காற்றுப் பம்பை இணையுங்கள். நாள்தோறும் காற்றை நிறுத்தி, அரைமணி நேரம் படியவிட்டு, மேலே தெளிந்த ஒரு லிட்டரை வடித்துவிட்டுப் புதிய ஊட்டநீரை நிரப்ப வேண்டும். ஊட்டநீருக்கு வெல்லம், யூரியா, டி.ஏ.பி. உரம் ஆகியவற்றை பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கப் பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு), நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:5:1 என்ற விகிதத்தில் அமையுமாறு கலந்தால் போதும்.

முதல் ஜாடிக்கு உப்பு வேண்டாம். இரண்டாவதற்கு, லிட்டருக்கு 5 கிராம் உப்பு கலந்த ஊட்டநீரை ஒரு வாரம் ஊற்றி, பின் வாரந்தோறும் லிட்டருக்கு மேலும் 5 கிராம் வீதம் உயர்த்துங்கள். பாதி நீர் மட்டுமே மாறுவதால் ஜாடியின் உப்பு தானாகவே படிப்படியாக ஏறும். மூன்றாவதில் லிட்டருக்கு 20 கிராமை ஒரேயடியாகப் போட்டு, ஊட்டநீரையும் அதே அளவில் வையுங்கள்.

மூன்றாவது ஜாடி முதலில் கலங்கும். வெளியே உப்பு மிகும்போது பாக்டீரியாவின் உள்நீர் வெளியேறி உயிரணு சுருங்குகிறது. அவகாசம் கிடைத்தால் அது கிளைசின் பீட்டைன், எக்டோயின் போன்ற சேர்மங்களை உள்ளே சேர்த்துச் சமன்செய்துகொள்ளும். ஹாங்காங்கில் கழிப்பறைகளுக்குக் கடல்நீரே பயன்பட்டும் அங்குள்ள கழிவுநீர் நிலையங்கள் சில உயிரியல் முறையில் இயங்குவது இதற்குச் சான்று. உதிரி பாக்டீரியாவைத் தின்னும் புரோட்டோசோவாக்கள் என்ற ஒருசெல் உயிரிகள் உப்பில் மறைவதும், கசடுத் துகள்களைப் பிணைக்கும் கால்சியத்தைச் சோடியம் இடம்பெயர்ப்பதும் கலங்கலுக்குக் காரணங்கள். அம்மோனியாவோடு நைட்ரைட்டையும் சோதியுங்கள். அம்மோனியாவிலிருந்து உருவாகும் நைட்ரைட்டை உண்ணும் பாக்டீரியா பெரும்பாலும் பின்தங்குவதால் அது தேங்கும்.

என்னைத் தடுமாறவைத்தது, நீரிலுள்ள கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றி அளக்கும் சி.ஓ.டி. சோதனைதான். வெளியேறும் நீரின் சி.ஓ.டி. ஏறுவதைக் கண்டு, பாக்டீரியா முழுதும் செத்துவிட்டதென்று கசடைக் கொட்டிவிட இருந்தேன். அச்சோதனையில் பயன்படும் டைக்ரோமேட் உப்பிலுள்ள குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்யும், 1 மி.கி. குளோரைடு 0.226 மி.கி. சி.ஓ.டி.யாகக் கணக்காகிறது. லிட்டருக்கு 10,000 மி.கி. குளோரைடு மறைக்கப்படாமல் இருந்தால், அது ஏறத்தாழ 2,260 மி.கி. போலி சி.ஓ.டி.யைக் காட்டிவிடும். அதை மறைக்க, குளோரைடின் எடையைப் போல் பத்து மடங்கு மெர்குரிக் சல்பேட் (பாதரச உப்பு) தேவை. வழக்கமாகச் சேர்க்கும் அளவு லிட்டருக்கு 2,000 மி.கி. குளோரைடு வரைதான் தாங்கும். ஆகவே முதலில் குளோரைடை அளந்து, மாதிரியை அதற்குள் அடங்குமாறு நீர்த்துப்போகச் செய்யுங்கள். பாதரசக் கழிவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

குளோரைடை அளக்க வெள்ளி நைட்ரேட் தரம்பார்த்தலையே நம்புவேன். கரைந்த திடப்பொருளைக் காட்டும் சட்டைப்பை டி.டி.எஸ். மீட்டர் மின்கடத்துதிறனை ஒரு நிலையான எண்ணால் பெருக்கிக் காட்டுவதே. அதைவிட மின்கடத்துதிறன் மீட்டரை வாங்கலாம். ஆக்சிஜன் மீட்டரில் உப்பளவைப் பதிய மறவாதீர்கள்: 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மி.கி. ஆக்சிஜனைக் கொள்ளும், கடல்நீரோ 6.8 அளவே.

பின்சேர்க்கை: உப்பு ஜாடியில் எம்.எல்.எஸ்.எஸ். (நீரில் மிதக்கும் கசடின் எடையளவு) உயர்ந்ததென ஒரு வாசகர் மகிழ்ந்து எழுதியிருந்தார். வடிதாளில் உப்பு உலர்ந்து எடையைக் கூட்டியிருக்கிறது. உலர்த்துமுன் காய்ச்சிவடித்த நீரால் மும்முறை கழுவுங்கள். மற்றொருவர் சாணம் கரைத்து ஊற்றலாமா என்கிறார். சாணத்துப் பாக்டீரியாவும் உப்புக்குப் புதியதே என்பதால், ஏற்கெனவே உப்புநீரில் ஓடும் நிலையத்தின் கசடையே வாங்கிச் சேர்ப்பேன். பழகிய தொட்டியில் திடீரென மழைநீர் புகுந்தாலும் உயிரணுக்கள் வீங்கிப் பாதிக்கப்படும் என்பதால், உப்பைக் குறைப்பதையும் வாரத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் வீதமே வைத்துக்கொள்ளுங்கள்.