அக்காவின் தீர்ப்பு நகல் கிடைத்த விதம்

மறுமணப் பதிவுக்காக அக்காவின் விவாகரத்துத் தீர்ப்பாணை நகல் தேவைப்பட்டது. வழக்கு நடந்தது ஊட்டியில். வக்கீல் காலமாகிவிட்டார், வழக்கு எண் யாரிடமும் இல்லை. எங்கள் கோத்தகிரி சின்ன ஊர்; ஒருவரிடம் விசாரித்தால் மார்க்கெட் முழுக்கப் பேச்சாகிவிடும். இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவே இந்த விசாரணையை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. அந்த மரியாதை அக்காவுக்குக் கடைசிவரை கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தேடிப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் நீலகிரியைத் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயர், ஆண்டு கொடுத்து, முடிந்த வழக்குகளில் தேடினேன். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக அடித்திருப்பார்கள். அதனால் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் போட்டேன், வந்துவிட்டது! ஹெச்.எம்.ஓ.பி. எண் (இந்து திருமண வழக்கு மனுவின் எண்), ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண், தீர்ப்புத் தேதி எல்லாம் அதிலேயே இருந்தன.

அப்புறம் நகல் மனு. மூன்றாம் நபர் கேட்டால் பிரமாணப் பத்திரம், நீதிமன்ற அனுமதி என்று இழுக்கும். வழக்காடியவரே கேட்டால் சுலபம். அக்காவே கையெழுத்துப் போட்டார், கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தோம். நகல் கைக்கு வந்ததும் பெயர், தேதி, முத்திரையை அங்கேயே நின்று சரிபாருங்கள்.