வாடகை ஒப்பந்தம் எப்போ முடியுது?

நான் கடைகளுக்கு உள்அலங்காரம் செய்யும் டிசைனர். கடை போட வருகிறவர்கள் என் மேசையில் முதலில் வைப்பது ஃபோனைத்தான். அதில் முப்பது, நாற்பது ஸ்க்ரீன்ஷாட் இருக்கும். போன வருடம் அண்ணா நகரில் கஃபே திறக்க வந்த தம்பியும் அப்படித்தான் வந்தார். "மேடம், இந்த ஆர்ச், இந்த பிங்க் சுவர், இந்தக் கோடு கோடா இருக்கிற ஃப்ளூட்டட் பேனல், எல்லாமே வேணும்."

"வாடகை ஒப்பந்தம் எத்தனை வருஷம் தம்பி?" என்றேன். ஒன்பது வருடம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. வரைபடத்துக்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். எது ஒன்பது வருடம் நிற்க வேண்டும், எதை மூன்றாவது வருடம் கழற்றலாம் என்ற கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது, அவருக்கு உண்மையில் எது பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. நான் படத்தின் ஒவ்வொரு பகுதியையும் கையால் மறைத்துக் காட்டுவேன். ஆர்ச்சை மறைத்தேன், "இப்பவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிங்க் சுவரை மறைத்தேன், அதே பதில். ஜன்னல் பக்கம் விழும் வெயிலை மறைத்ததும் முகம் மாறியது. அவர் கேட்டது வெளிச்சத்தை! குளிர் நாட்டு வெயில் அது. நம் ஊரில் மேற்குப் பார்த்த கண்ணாடிக்குப் பக்கத்தில் நாலு மணிக்கு யாரும் உட்கார மாட்டார்கள், ஏசி பில்லும் ஏறும். ஆகவே கண்ணாடிக்கு வெளியே நிழல் தடுப்பு, உள்ளே சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், அதன்மேல் வழிகிற மாதிரி மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் விளக்கு என்று கொடுத்தேன். அவர் தேடிய படம் கிடைத்துவிட்டது.

'ட்ரெண்ட் வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் மறுக்கும் டிசைனர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பணம் போடுகிறவர் கடைக்காரர், தன் வாடிக்கையாளரை அவருக்குத் தெரியும். ஆசையை எங்கே வைப்பது என்று சொல்வதுதான் நம் வேலை. தரை, வயரிங், பிளம்பிங், நடைவழி, இருக்கை உயரம் இவற்றில் ட்ரெண்டை நுழைய விடாதீர்கள். நாற்காலி 18 அங்குலம், மேசை 30 அங்குலம், நடைவழி குறைந்தது 3 அடி. இவை எந்த வருடமும் மாறாது.

இதை நான் கற்றுக்கொண்டது 2016இல், வேளச்சேரியில் ஒரு சலூனில். சுவர் முழுக்கச் சாம்பல் நிறம், தரையிலும் கறுப்பு-சாம்பல் முக்கோண டைல்ஸ். அவர்கள் கேட்டார்கள், நானும் மறுக்காமல் போட்டேன். மூன்றே வருடத்தில் சலித்துவிட்டது. சுவருக்குப் பெயின்ட் அடித்தால் போதும், தரையை உடைத்தல்லவா எடுக்க வேண்டியிருந்தது! பத்து நாள் கடையை மூடினார்கள். அந்தப் பத்து நாள் வருமானத்துக்கு நான்தான் பொறுப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

தரைக்கு என்ன போடலாம் என்று கேட்டால், அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். 1904இல் கட்டிய கட்டடம். அந்தக் கறுப்பு வெள்ளைத் தரையைப் பார்த்தால் யாருக்கும் பழசு என்று தோன்றாது. கடப்பா, கோட்டா கற்களும் நம் ஈரத்துக்கும் மணலுக்கும் தாங்கும். ஆத்தங்குடி டைல்ஸ் நடக்க நடக்க மெருகேறும். ஆனால் அது சூளையில் சுடாத சிமென்ட், எலுமிச்சை பட்டால் அரிக்கும், காபி சிந்தினால் கறை இறங்கும். உட்காரும் இடத்தில் போடுங்கள், கவுன்ட்டர் ஓரத்தில் வேண்டாம்.

கழற்றக்கூடியதில் அவர் இஷ்டம்போல் செய்யட்டும். ஆர்ச்சைச் செங்கலில் கட்டாமல் ப்ளைவுட்டில் செய்து, சுவரில் அடித்த ரீப்பர் கட்டையில் (மெல்லிய மரச்சட்டம்) ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். பசை வைத்து ஒட்டினால் கழற்றும்போது பூச்சும் சேர்ந்து வரும். ஃப்ளூட்டட் பேனல் எம்டிஎஃப்-இல் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், கை கழுவும் இடத்தருகே ஒரு மழைக்காலத்தில் ஊதிவிடும். தண்ணீர் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட்தான். விளக்குக்கு ட்ராக் (விளக்கை நகர்த்தி மாட்டும் தண்டவாளம்) போட்டால் மேசையை நகர்த்தும்போது வெளிச்சமும் நகரும். புடவைக் கடை என்றால் மட்டும் விளக்கில் விட்டுக்கொடுக்காதீர்கள்: மஞ்சள் அடிக்காத 4000 கெல்வின் வெள்ளை, சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு அசலாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல். இல்லையென்றால் வாங்க வந்த அம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நிறம் பார்ப்பார்.

எஸ்டிமேட்டில் 'மாற்றக்கூடியவை' என்று தனித் தலைப்பு போட்டு, மறுபடி மாற்ற ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மொத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டாமல் பார்ப்பது என் வழக்கம். சாம்பிளை ஆபீசில் காட்டாமல் கடையிலேயே ஒரு வாரம் ஒட்டி வைத்து, தினமும் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பாதி ஆசைகள் அந்த வாரத்திலேயே தெளிந்துவிடும்.

வேலை முடிந்ததும் மிச்ச டைல்ஸில் ஒரு பெட்டியைப் பரணில் போட்டுவிடுங்கள். பெயின்ட் ஷேட் நம்பர், லாமினேட் நம்பர், ட்ராக் லைட் மாடல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, டிபி பாக்ஸ் (ஃப்யூஸ், பிரேக்கர் இருக்கும் மின்பெட்டி) கதவின் உள்பக்கம் ஒட்டிய பிறகே சாவியைக் கொடுங்கள்.