முற்றத்தில் புல் விதைக்கப் போகிறீர்களா? எருவில் இருந்து தொடங்குங்கள்

எரு மாதிரியான சேதனப் பசளைதானே, எப்போது போட்டாலும் எவ்வளவு போட்டாலும் கேடில்லை என்று ஒரு நினைப்பு எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. புல் விதைக்கும்போது அது சரிவராது. யூரியா மாதிரி முளைத்த பிறகு மேலே எறிந்துவிட்டு இரண்டு நாளில் பச்சையை எதிர்பார்க்கிற சாமான் இல்லை இது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுத்தால்தான் வேருக்குச் சத்துப் போகும், அதனால் விதைக்கு முன்பே எரு மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

காலம் முதலில். ஐப்பசி, கார்த்திகை மழையில் விதைத்தால் விதை முழுக்க ஒழுங்கைக்குப் போய்விடும். மார்கழிக் கடைசியில் நிலத்தைத் தயார் செய்து தையில் விதைப்பதுதான் என் கணக்கு. மண் ஈரமாக இருக்கும், கிணறும் நிரம்பியிருக்கும், வெயிலும் அளவாக இருக்கும். நல்ல வெயில் விழும் இடத்துக்கு அறுகு விதை வாங்குங்கள். மாமரத்துக்குக் கீழே அறுகு வராது, காசை வீணாக்க வேண்டாம்.

இனி எரு. மாட்டெருவோ ஆட்டெருவோ, நன்றாக மக்கியதுதான் வேண்டும். பச்சை எரு சூடேறி முளையைக் கருக்கும், அதோடு மாடு தின்ற களை விதை எல்லாம் உங்கள் முற்றத்தில் முளைக்கும். மக்கிவிட்டதா என்று பார்க்க ஒரு பேணியில் அந்த எருவையும் மண்ணையும் பாதிக்குப் பாதி கலந்து, கொஞ்சம் பயறு போட்டு ஈரமாக வைத்திருங்கள். நாலைந்து நாளில் பயறு பச்சையாக நிமிர்ந்தால் எரு தயார். முளை வராவிட்டாலோ வந்த இலை நுனி கருகினாலோ எருவை இன்னும் சில கிழமை குவித்து மூடி வையுங்கள்.

அளவு: 100 சதுர அடிக்கு அரை அங்குலக் கனத்தில் பரப்ப, 10 லீற்றர் வாளியால் ஏறக்குறைய 12 வாளி பிடிக்கும். அதோடு ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கைத் தூளாக்கித் தூவி, மண்வெட்டியால் 4 முதல் 6 அங்குல ஆழத்துக்கு எல்லாவற்றையும் கொத்திக் கலந்துவிடுங்கள். கோழியெரு போடுகிறவர்கள் அதை மேலே விட்டுவைக்கவே கூடாது, சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் கிடக்கிற எங்கள் மண்ணில் அதன் தழைச்சத்து (நைதரசன்) பாதி காற்றோடு போய்விடும். அடுப்புச் சாம்பலும் வேண்டாம். ஏற்கெனவே காரமான மண்ணுக்கு இன்னும் காரம் எதற்கு?

கொத்தியவுடன் விதைக்காதீர்கள். மட்டப்படுத்தி, தண்ணீர் விட்டு, இரண்டு கிழமை அப்படியே விடுங்கள். எரு மண்ணோடு சேரும், களையும் முளைத்து வெளியே வரும். அதைச் செதுக்கி எறியுங்கள், கோரை இருந்தால் கிழங்கோடு தோண்டுங்கள். இந்த இரண்டு கிழமையைப் பொறுக்க முடியாதவர்கள்தான் பிறகு ஆறு மாதம் குந்தியிருந்து களை பிடுங்குகிறார்கள்.

விதைப்பு லேசு. 100 சதுர அடிக்கு 50 முதல் 100 கிராம் விதை போதும். காய்ந்த மணலோடு கலந்து பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்காகவும் எறிந்து, சல்லடையில் அரித்த கூட்டெருவை விதை மறையும் அளவுக்கு மட்டும் மேலே தூவுங்கள். கனமாக மூடினால் அறுகு மேலே வராது. கோழி கிளறும் வளவு என்றால் பழைய கிடுகைப் போட்டு, முளை தெரிந்தவுடன் எடுத்துவிட வேண்டும்.

தண்ணீரைப் பூவாளியால் காலையும் மாலையும் மெல்லத் தெளியுங்கள். ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் முளைக்கும். இளம் பயிர் மஞ்சளாகத் தெரிகிறதே என்று அவசரப்பட்டுப் பசளை கொட்ட வேண்டாம், அநேகமாகத் தண்ணீர் கூடிப்போயிருக்கும். முதல் தரம் வெட்டிய பிறகு, அரித்த மண்புழு உரத்தைக் கால் அங்குலத்துக்கும் குறைவாகத் தூவி, ஈர்க்குக்கட்டையால் கூட்டிப் புல்லின் அடிக்குத் தள்ளிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். அடுத்த பசளையை ஆடி வெயில் போய் மழை தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.