வேல்ஸ் வரலாற்றில் மேற்படிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸ் வரலாற்றில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கக் கிளம்புகிறவர்கள் பலரும் ஒரே தவறில்தான் தொடங்குகிறார்கள். 'ஆவணமெல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, வெல்ஷ் மொழி எதற்கு?' என்று நினைத்துவிடுகிறார்கள். வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்த 1536ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தை நீதிமன்ற மொழியாக்கியது உண்மைதான். பதிவேடுகளும் ஆங்கிலத்திலும் லத்தீனிலும்தான் இருக்கின்றன. ஆனால் அந்த நீதிமன்றங்களில் வந்து நின்ற எளிய மக்களில் பெரும்பாலோர் வெல்ஷ் மட்டுமே அறிந்தவர்கள். அவர்கள் சொன்னதை எழுத்தர் மொழிமாற்றி எழுதியதைத்தான் நாம் படிக்கிறோம். அவதூறு வழக்குகளில் மட்டும், ஒருவர் இன்னொருவரைத் திட்டிய சொற்களை வெல்ஷிலேயே பதிந்து வைத்தார்கள். ஓர் உழவனின் வாய்ச்சொல் அப்படியே நம் காதில் விழும் அபூர்வமான இடம் அது. மொழி தெரியாதவர் சரியாக அந்த வரியைத்தான் தாண்டிப் போவார்.

1847இல் வெளியான கல்வி அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸின் பள்ளிகளை ஆராய லண்டனிலிருந்து வந்த ஆணையர்கள் மூவருக்கும் வெல்ஷ் தெரியாது. மக்களில் பெரும்பாலோர் அரசுத் திருச்சபையிலிருந்து விலகிய சபைகளைச் சேர்ந்தவர்கள். ஆணையர்களோ அரசுத் திருச்சபைப் பாதிரிமாரின் பேச்சையே அதிகம் நம்பினார்கள். வெல்ஷ் மக்கள் அறியாமையிலும் ஒழுக்கக் கேட்டிலும் கிடக்கிறார்கள் என்று அறிக்கை எழுதியது. அரசு அறிக்கைகளின் நீல அட்டையை வைத்து, 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று வேல்ஸ் இன்றும் அதைச் சொல்கிறது. அதை அப்படியே மேற்கோள் காட்டுவது தவறு. பொய் என்று ஒதுக்கிவிடுவதும் தவறுதான். ஊர் ஊராகப் பள்ளிக் கட்டடம், ஆசிரியர், மாணவர் பற்றி அதில் கிடைக்கும் விவரம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அன்றைய வெல்ஷ் இதழ்கள் அதற்கு எழுதிய மறுப்புகளைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அந்த இதழ்களில் தேடுவதற்கும் மொழி வேண்டும். ஆபரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 10 லட்சத்துக்கும் அதிகமான பழைய செய்தித்தாள் பக்கங்களை இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. 'பாங்கர்' என்று ஊர்ப்பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கிடைத்தது இவ்வளவுதான் என்று நின்றுவிடாதீர்கள். வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்தே மாறும். பாங்கருக்கு என்னும்போது 'வாங்கர்', பாங்கரில் என்னும்போது 'மாங்கர்'. மூன்று வடிவங்களையும் தேடாதவர் பாதிச் செய்திகளைப் பார்க்கவே மாட்டார்.

பெயர்க் குழப்பமும் அடிக்கடி நேர்வது. தந்தை பெயரைச் சேர்த்து எழுதும் வழக்கம் நமக்குப் புதிதல்ல; இருந்தும் வழுக்கும். வெல்ஷில் 'அப்' என்றால் மகன். வேல்ஸை ஆண்ட இளவரசர்களில் லுவெலின் அப் யோர்வெர்த் தாத்தா, 1240இல் இறந்தவர். லுவெலின் அப் கிரிஃபித் பேரன், 1282இல் கொல்லப்பட்டவர். இடையில் வரும் கிரிஃபித் அப் லுவெலின் 1244இல் லண்டன் கோபுரத்திலிருந்து தப்பும்போது விழுந்து இறந்தார். அதே பெயரில் 11ஆம் நூற்றாண்டில் ஓர் அரசரும் உண்டு. ஆண்டைக் குறிக்காமல் பெயரை மட்டும் குறிப்பெடுத்தால் பிறகு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேல்ஸின் தென்கிழக்கு மாவட்டமான மான்மத்ஷயரில் ஆய்வு செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1543 முதல் 1830 வரை இயங்கிய 'கிரேட் செஷன்ஸ்' நீதிமன்றத்தின் பதிவேடுகள் ஆபரிஸ்ட்வித்தில் உள்ளன. ஆனால் அவை 12 மாவட்டங்களுக்கு மட்டும். மான்மத்ஷயர் வழக்குகள், ஆங்கிலேய நீதிபதிகள் ஊர் ஊராகச் சென்று விசாரித்த 'ஆக்ஸ்போர்டு சுற்றில்' சேர்க்கப்பட்டதால், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

பழைய அச்சுத் தொகுப்புகளை நம்புவதிலும் எச்சரிக்கை தேவை. கிளமோர்கனைச் சேர்ந்த கல்தச்சர் யோலோ மோர்கனுக் பெரும் அறிஞர், பெரும் கவிஞர். தானே எழுதிய கவிதைகளை 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தாவித் அப் குவிலிமின் பெயரில் அச்சேற வைத்தவரும் அவரே. அது 20ஆம் நூற்றாண்டில்தான் முழுமையாக அம்பலமானது. 19ஆம் நூற்றாண்டு நூல்கள் சிலவற்றில் அவருடைய கற்பனை வரலாறாகவே உட்கார்ந்திருக்கிறது.

தலைப்பை அகலமாக வைப்பது எங்கும் நடக்கும் தவறு. 'வெல்ஷ் தேசியம்' ஓர் ஆண்டுப் படிப்புக்குள் அடங்காது. ஒரு பள்ளத்தாக்கின் ஒரு வேலைநிறுத்தம் அடங்கும். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இயல்பாக அமையும் தலைப்பு ஒன்று இருக்கிறது. 1841இல் தாமஸ் ஜோன்ஸ் என்ற வெல்ஷ் மிஷனரி இன்றைய மேகாலயாவிலுள்ள காசி (Khasi) மலைக்கு வந்து, அங்குள்ள காசி மக்களின் மொழியை வெல்ஷ் எழுத்துமுறையை ஒட்டி ரோமன் எழுத்தில் எழுதினார். அந்த மிஷனின் காகிதங்கள் ஆபரிஸ்ட்வித்தில் இருக்கின்றன. மலையிலிருந்து போன கடிதங்கள் சபையின் மாத இதழில் அச்சாயின, வெல்ஷில்.